பிடிக்கவில்லை என்று சொல்லலாமா? – வாசகர் கேள்வி பதில்

அண்மையில் படித்த நூல்களைப் பற்றி மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுதும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, "நான் பெரிய வாசகன் அல்லன்", "எனக்கு இலக்கியம் அவ்வளவாகத் தெரியாது" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொடங்கியிருந்தன. அந்த முதல் வரியை எல்லாக் கடிதங்களிலிருந்தும் நீக்கிவிட்டு, மீதியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கடந்த நான்கு மாதங்களில் ஐந்து நாவல்கள் படித்தேன். அவற்றில் மூன்று, எல்லோரும் போற்றுபவை. அந்த மூன்றில் இரண்டு எனக்குச் சலிப்பூட்டின. அப்படிச் சொன்னால், "உங்களுக்குப் புரியவில்லை" என்கிறார்கள். புரியாததும் பிடிக்காததும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. ஆனால் இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நமக்கே குழப்பம் வந்துவிடுகிறது. நான் கடைப்பிடிக்கும் வழி எளிமையானது. அந்த நாவலைப் படிக்காத ஒருவருக்குக் கதையைச் சொல்லிப் பார்ப்பேன். "அவள் ஏன் அந்தக் கடிதத்தைக் கிழித்தாள்?" என்று கேட்பவர் இடைமறிக்கும்போது என்னால் காரணம் சொல்ல முடிந்தால், எனக்குப் புரிந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் அது என் கருத்து. அதை யாரிடமும் அடகு வைக்க வேண்டியதில்லை. காரணம் சொல்ல வராமல் நான் திணறினால், குறை கூறுவதை ஒத்திவைத்துவிட்டு அந்த அத்தியாயத்தை மறுபடி படிப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சலிப்பாக இருந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் சலித்தது என்று எழுதவில்லை. நாவல் முழுவதும் ஒரே அளவில் சலிப்பூட்டுவது அரிது. எந்தப் பக்கத்தில் கைப்பேசியை எடுத்தீர்கள், எந்தப் பக்கத்தில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போனீர்கள் என்பதைச் சொன்னால், போற்றுகிறவர்களும் உங்கள் பேச்சைச் செவிமடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். முதல் இரண்டு பாகங்கள் பறந்தன. ஐந்தாம் பாகத்தில் களைத்துப்போனேன். முடிவோ, முடிவு போலவே இல்லை. ஊரே கொண்டாடும் நூலைப் பற்றி இப்படிச் சொல்வது அடாவடியா?

பதில்: உங்கள் களைப்புக்குக் கணக்கே சாட்சி சொல்கிறது. இந்த நாவலில் மொத்தம் 293 அத்தியாயங்கள் இருக்கின்றன. முதல் பாகமான 'புது வெள்ள'த்தில் 57, 'சுழற்காற்'றில் 53, 'கொலை வா'ளிலும் 'மணிமகுட'த்திலும் தலா 46. ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகர'த்தில் மட்டும் 91 அத்தியாயங்கள். ஏறக்குறைய மூன்றாம், நான்காம் பாகங்களைச் சேர்த்து வைத்த நீளம். ஓட்டப் பந்தயத்தின் கடைசிச் சுற்றை மட்டும் இருமடங்காக நீட்டி வைத்தால் ஓடுகிறவருக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இதைவிட முக்கியமானது, இந்த நூல் படிக்கப்பட்ட வேகம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, 'கல்கி' இதழில் வாரந்தோறும் மணியத்தின் ஓவியங்களுடன் வெளிவந்த தொடர் இது. ஏழு நாள் காத்திருந்த வாசகருக்கு, அத்தியாயத்தின் கடைசி வரியில் இருட்டிலிருந்து ஒரு கை நீள்வது அடுத்த வாரம் வரை அசைபோடுவதற்கான சரக்கு. நீங்களோ பக்கத்தைப் புரட்டிய மறுநொடியே அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொண்டுவிடுகிறீர்கள். அடுத்த அத்தியாயத்திலும் ஒரு கை, அதற்கடுத்ததிலும் ஒன்று. தனித்தனியே ருசித்த உத்தி, வரிசையாக வரும்போது தந்திரமாகத் தெரிகிறது. எங்கே போனாலும் ஒற்றன் ஆழ்வார்க்கடியான் அங்கே எதிர்ப்படுவதும், சதி பேசுகிறவர்கள் எல்லோரும் ஒட்டுக்கேட்க வசதியான இடத்தையே தேர்ந்தெடுப்பதும் வாரப்பத்திரிகையில் உறுத்தியிருக்காது. ஒரே வாரத்தில் நூறு அத்தியாயம் படிக்கிறவருக்கு உறுத்தும்.

ஆனால் முதல் அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஆடிப் பதினெட்டாம் நாள், வீரநாராயண ஏரிக் கரைமீது வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களின் வழியாகத் தண்ணீர் பாய்கிறது, பெண்கள் பாடுகிறார்கள், அவனுக்கோ ஊர் சுற்றிப் பார்க்கும் உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் சதியும் இல்லை, கொலையும் இல்லை. ஆயினும் படிக்கிறவர் அந்தக் குதிரையைவிட்டு இறங்க மாட்டார். தலைப்புக்குரிய அருள்மொழிவர்மரோ முதல் பாகம் முழுவதும் பிறர் பேச்சில் மட்டுமே வாழ்கிறார். நாயகனை இவ்வளவு தாமதமாக மேடையேற்றிவிட்டு வாசகரைக் கட்டிப்போடுவது எளிய வித்தையல்ல. இதைக் குறிப்பிட்டுவிட்டு ஐந்தாம் பாகத்தின் நீளத்தைக் குறை சொன்னால், உங்கள் சொல்லுக்கு எடை கூடும்.

முடிவைப் பற்றி: இதே புகாரை உங்களுக்கு முன்பே, தொடர் முடிந்த அந்த நாளிலேயே வாசகர்கள் எழுப்பிவிட்டார்கள். அதற்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று விளக்கம் தர வேண்டியிருந்தது. உங்கள் பதிப்பின் கடைசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கோ பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை அவர் அறுதியிட்டுச் சொல்லாமல் விட்டதுதான் நாவலிலேயே மிகவும் துணிச்சலான இடம்.

கேள்வி: தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் கைவிட்டேன். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கொலை சீக்கிரமே நடந்துவிடுகிறது; கொலைகாரன் யாரென்றும் தெரிந்துவிடுகிறது. மீதி ஐந்நூறு பக்கங்களுக்கு என்ன இருக்கிறது?

பதில்: பெயர்ச் சிக்கலை முதலில் தீர்ப்போம். ரஷ்யர்களுக்கு முதற்பெயர், தந்தையின் பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப்பெயர் என மூன்று உண்டு, செல்லப்பெயர் தனி. ரோதியோன் ரொமானவிச் ரஸ்கோல்னிகவ் என்பவனை மரியாதையாக அழைப்பவர் முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்வார். தாய் 'ரோத்யா' என்பாள். கதைசொல்லி குடும்பப்பெயரைப் பயன்படுத்துவார். அவன் தங்கை அவ்தோத்யா ரொமானவ்னாவும் துன்யாவும் ஒரே பெண்தான். ஒரு துண்டுத் தாளில் எட்டுப் பத்துப் பெயர்களை எழுதி, அதையே புத்தகக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்பதைக் கவனிக்கத் தொடங்கினால், அந்த நேரத்தில் அவர்களுக்கிடையே உள்ள நெருக்கமும் விலகலும் வேறு விளக்கமின்றியே தெரியவரும். நம் மொழியில் 'நீ'யும் 'நீங்க'ளும் செய்கிற வேலை அது.

இனி உங்கள் முதன்மையான கேள்வி. 1866-இல் மாதப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த இந்த நாவல் ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்டது. கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. கொன்றவன் யார் என்ற கேள்வி கிடையாது; கொன்றவனால் எத்தனை நாள் தாங்க முடியும் என்பதுதான் கேள்வி. நீங்கள் துப்பறியும் கதைக்கான ஆவலோடு உட்கார்ந்ததால் ஏமாந்திருக்கிறீர்கள். அது நூலின் பிழையல்ல, உங்கள் பிழையுமல்ல, அட்டையில் 'பரபரப்பான கொலைக்கதை' என்று அச்சிடுகிறவர்களின் பிழை.

ஒரே ஒரு தகவலை மட்டும் கவனியுங்கள். தன் அறையிலிருந்து அடகுக்காரக் கிழவியின் வீடு வரை எத்தனை அடி என்று ரஸ்கோல்னிகவுக்குத் தெரியும்: சரியாக 730. கனவு போல ஏதோ ஒரு நினைப்பில் நடந்தபோது எண்ணி வைத்தது. அப்போது அந்தக் கனவுகளைத் தானே நம்பவில்லை என்று வேறு அவனுக்கு நினைப்பு. நம்பாத ஒன்றுக்காக எவனாவது அடியெண்ணுவானா? அவன் தன்னிடமே பொய் சொல்கிறான் என்பதை அந்த ஓர் எண் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த மாதிரி இடங்கள் உங்களைப் பிடித்து நிறுத்தினால் நாலாவது முறை முயலுங்கள். நிறுத்தாவிட்டால் விட்டுவிடுங்கள், என் வருத்தம் ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

முடியும்வரை படித்தால், சைபீரியச் சிறையில் நடக்கும் பின்னுரை பிடிக்கவில்லை என்றும் நீங்கள் எழுதக்கூடும். மன மாற்றம் அவசரமாக ஒட்டவைக்கப்பட்டதாகவே எனக்கும் பட்டது.

கேள்வி: பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: காஃப்காவின் 'உருமாற்றம்' படித்தேன். ஒருவன் பூச்சியாக மாறிவிடுகிறான். ஏன் மாறினான் என்று கதையில் யாருமே கேட்கவில்லை. எனக்குச் சில இடங்களில் சிரிப்பு வந்தது. இவ்வளவு துயரமான கதையில் சிரித்தது என் ரசனைக் குறைவா?

பதில்: நீங்கள் சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கிரகோர் சாம்சா ஊர் ஊராகச் சென்று துணி விற்கும் பிரதிநிதி. விழித்ததும் உடல் முழுவதும் மாறியிருக்கிறது. வயிற்றின்மேல் மெலிந்த கால்கள் பல தம்போக்கில் அசைகின்றன. அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான்: மணி ஆறரை. நான்கு மணிக்கு வைத்த அலாரம் அடித்ததா இல்லையா? அடுத்த ரயில் ஏழு மணிக்கு. உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் ஐந்து ஆண்டுகளில் ஒரு நாள்கூட நோயென்று படுக்காதவனை முதலாளி சந்தேகிப்பாரே! தான் பூச்சியானதைவிட ரயில் தவறியது அவனுக்குப் பெரிய கவலை. சிரிக்காமல் இருக்க முடியுமா? சிரித்து முடித்த மறுகணம், காய்ச்சலோடு வேலைக்குக் கிளம்பிய நம்முடைய ஏதோ ஒரு காலை நினைவுக்கு வரும். அங்கேதான் துயரம் தொடங்குகிறது. காஃப்கா தம் எழுத்தை நண்பர்களிடையே வாசித்துக் காட்டும்போது, 'விசாரணை' நாவலின் முதல் அத்தியாயத்தில் தாமே சிரித்துச் சிரித்துச் சில கணங்கள் மேலே வாசிக்க முடியாமல் நின்றதாக அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார்.

ஏன் மாறினான் என்று யாரும் கேட்காததுதான் கதையின் குளிர். குடும்பத்தார் கேட்பதெல்லாம் இனிச் சம்பாதிப்பது யார், வாடகைக்கு இருப்பவர்கள் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பவையே. 1915-இல் நூல் அச்சாகும்போது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தொலைவில் இருப்பதாகக்கூடக் காட்டக் கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். முதற்பதிப்பின் அட்டையில் கதவுக்கு முதுகு காட்டி முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதன் மட்டுமே இருக்கிறான். இன்றைய பதிப்புகள் பலவற்றில் பெரிய கரப்பான் ஒன்று நடுநாயகமாக வீற்றிருக்கிறது. உங்கள் பிரதியின் அட்டையிலும் அப்படி இருந்தால், உங்கள் கற்பனைக்குரிய வேலையை ஓவியர் பறித்துக்கொண்டார் என்றும் கருத்துரையில் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' மெல்லிய புத்தகம் என்பதால் எடுத்தேன். ஒரு கிழவர், ஒரு படகு, ஒரு மீன். நூறு பக்கத்துக்கு இவ்வளவுதானா?

பதில்: இவ்வளவுதான். எண்பத்து நான்கு நாட்கள் மீனே படாத சான்டியாகோ, எண்பத்தைந்தாம் நாள் தம் படகைவிட நீளமான மீனைத் தூண்டிலில் மாட்டுகிறார். கரைக்குக் கொண்டுவருவதற்குள் சுறாக்கள் அதை எலும்பாக்கிவிடுகின்றன. 1952-இல் ஓர் அமெரிக்க வாரப்பத்திரிகை இதை ஒரே இதழில் முழுமையாக வெளியிட்டபோது, இரண்டே நாட்களில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. விற்பனை உங்களைக் கட்டுப்படுத்தாது. ஐம்பது லட்சம் பேருக்குப் பிடித்தது ஐம்பது லட்சத்து ஒன்றாவது ஆளுக்குப் பிடித்தாக வேண்டும் என்று சட்டமில்லை.

எனக்கும் கிழவர் காணும் அந்தச் சிங்கக் கனவு திரும்பத் திரும்ப வருவதில் ஈடுபாடில்லை. ஆனால் கிழவரின் இடது கை மரத்து, விரல்கள் மடங்கி இறுகிக்கொள்ளும் பகுதியை நான் விடமாட்டேன். அவர் அந்தக் கையிடம், சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையிடம் பேசுவது போலப் பேசுகிறார். அதைத் தேற்றுவதற்காகவே பச்சை மீனைத் துண்டு துண்டாக மென்று விழுங்குகிறார். முதுமை தன் உடம்போடு நடத்தும் பேரத்தை இத்தனை கிட்டத்தில் காட்டிய பக்கங்களை நான் அதிகம் கண்டதில்லை. மூப்பு எட்டிப் பார்க்காத வயதில் நீங்கள் இருந்தால், இந்தப் புத்தகம் வெறும் மீன்பிடிக் கதையாகவே தெரிவதில் வியப்பில்லை.

கேள்வி: நண்பர் ஒருவர் தம் கவிதைத் தொகுப்பைக் கையெழுத்திட்டுத் தந்து, "உண்மையான கருத்தைச் சொல்ல வேண்டும்" என்கிறார். கவிதைகள் சுமார்தான். என்ன செய்வது?

பதில்: உண்மையிலேயே பிடித்த ஒரு வரியைக் கண்டுபிடிக்கும்வரை படியுங்கள். அந்த வரியை முதலில் சொல்லி, அது ஏன் பிடித்தது என்று விளக்கிவிட்டு, மற்றவை அந்த உயரத்தை எட்டவில்லை என்று சொல்லுங்கள். அப்படி ஒரு வரிகூடக் கிடைக்காவிட்டால், அச்சும் கட்டமைப்பும் நன்று என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுங்கள். நண்பர் புரிந்துகொள்வார், எழுதுகிறவர்கள் இந்த மௌனத்தை நன்றாகவே படிப்பார்கள்.

கேள்வி: இருபத்திரண்டு வயதில் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' என்னைப் புரட்டிப் போட்டது. இப்போது ஐம்பதை நெருங்கும் வயதில் மறுபடி படித்தேன். பாபுவின்மேல் எரிச்சல்தான் வந்தது. எந்தக் கருத்து உண்மையானது?

பதில்: இரண்டும்தான். தேதியிட்டு இரண்டையும் எழுதி வையுங்கள். எனக்கும் ஏறக்குறைய இதே அனுபவம். முதல் வாசிப்பில், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவுக்காக ஏங்கும் பாபுவின் தோள்மேல் உட்கார்ந்தே நாவல் முழுவதும் பயணம் செய்தேன். யமுனா எனக்கு ஒரு சிலை போலத் தூரத்தில் நின்றாள். இரண்டாம் வாசிப்பில் அந்தச் சிலைக்குப் பசியும் அவமானமும் இருப்பது கண்ணில் பட்டது. முதிய கணவனுக்கு வாழ்க்கைப்பட்டு, பாபுவை நாடி, பின் உயிரை மாய்த்துக்கொள்ளும் தங்கம்மாளை முதல் முறை நான் ஒரு தடங்கலாகத் தாண்டிப்போயிருந்தேன். இந்த முறை அவளைத் தாண்ட முடியவில்லை. நாவல் அவளைச் சற்று விரைவாகவே மறந்துவிடுகிறது என்பது இன்றைய என் குறை. அன்று நானும் அவ்வளவு விரைவாகத்தான் மறந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாபுவின் சங்கீத குருவான ரங்கண்ணா வரும் பகுதிகள் மட்டும் இரண்டு வாசிப்பிலும் மாறவில்லை. சங்கீதத்தைப் பற்றி எழுதும்போது ராகப் பெயர்களை அடுக்காமல், கேட்பவனின் காது எப்படித் திறக்கிறது என்று காட்டியிருக்கிறார் ஜானகிராமன். ஸ்வரம் தெரியாத எனக்கும் அந்தப் பக்கங்கள் கேட்டன. பாபுவிடம் எரிச்சல்பட்டபோதும் நீங்கள் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை கீழே வைக்கவில்லை என்று கடிதத்தில் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கருத்துரையில் அதுதான் நடுவில் இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் நேர்மை சொல்கிறீர்களே, படிக்காத நூலைப் படித்ததாக நீங்கள் சொன்னதே இல்லையா?

பதில்: சொல்லியிருக்கிறேன். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலைப் படித்து முடித்ததாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். நடாஷா, பியர் ஆகியோரின் கதை முடியும் முதல் பின்னுரை வரை படித்தது உண்மை. அதற்குப் பிறகு இரண்டாவது பின்னுரை ஒன்று உண்டு. அதில் பாத்திரங்களே கிடையாது. வரலாற்றை நகர்த்தும் ஆற்றல் எது, மனிதனின் சுதந்திரம் எவ்வளவு என்ற வாதம் பன்னிரண்டு அத்தியாயங்களுக்கு நடக்கிறது. நான் அதன் முதல் பக்கத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி, 'முடித்தேன்' என்று குறிப்பேட்டில் தேதியும் போட்டுவிட்டேன். 1873 பதிப்பில் டால்ஸ்டாயே இத்தகைய தத்துவப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பாக வைத்திருந்தார் என்று பின்னர் தெரிந்தபோது, எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சம் வெட்கக்கேடானது.

உங்கள் கேள்வி வந்த வாரம் அந்தப் பின்னுரையை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். ஒரே கருத்தை அவர் மூன்று விதமாகச் சொல்வது பொறுமையைச் சோதிக்கிறது. ஆனால் ரயில் வண்டி எதனால் ஓடுகிறது என்று குடியானவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லும் உவமை ஒன்று வருகிறது, அதை இத்தனை நாள் தவறவிட்டிருக்கிறேன். குறிப்பேட்டில் பழைய தேதியை அடித்துவிட்டேன். புத்தகக் குறி இப்போது ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது.